முழங்கால் தண்ணியில பாய்ப்படகு ஓட்டப் போகினமாம்!

பண்ணைக்கரை:
யாழ்ப்பாணம் பண்ணைக் கடற்கரையில இருக்கிற எங்கட பாய்ப்படகுக் கழகம் புதுப் பருவத்துக்கு விட்ட அறிவித்தல் நேற்று வாட்ஸ்அப்பில வந்து சேர்ந்துது. காணாதவைக்காக அப்பிடியே கீழ போடுறன்.

"வைகாசியில் சோளகக் காற்று எழும்பியதும் சிறுவர் பாய்ப்படகுப் பயிற்சி ஆரம்பமாகும். 8 முதல் 15 வயது வரை. பண்ணைக் கடலில் முழங்காலளவு தண்ணீர்தான். பெற்றோர் அஞ்சத் தேவையில்லை."

மற்ற வசனங்களை விடுவம். முழங்காலளவாம்! ஆரின்ர முழங்கால்?

உந்த ஒப்ரிமிஸ்ட் எண்டுற சின்னப் படகுக்கே நடுவால இறக்கிற பலகை ஏறக்குறைய 80 சென்ரிமீற்றர் தண்ணிக்குக் கீழ போகும். என்ர முழங்கால் 50இல முடிஞ்சிடுது. பலகையை முழுசா இறக்கினால் சேத்துக்கை குத்தி நிக்கும். இறக்காட்டிப் படகு காத்து தள்ளுற பக்கம் நண்டு மாதிரிச் சரிஞ்சுகொண்டு போகும். அப்ப ஒண்டில் தண்ணி முழங்காலுக்கு மேல, இல்லாட்டி நீங்கள் பாய்ப்படகே ஓட்டப் போறதில்லை. எது எண்டு அறிவித்தல் எழுதினவர் வந்து சொல்லட்டும்.

கழகப்பொடியன்:
அண்ணை, எழுதினது நான்தான். பிள்ளையள் படகில ஏறி இறங்கிற கரையைச் சொன்னது. அதில முழங்கால்தான். போன ஞாயிறும் இறங்கி நிண்டு பார்த்தனான். நீங்கள் கழகத்தை விட்டுப் போனாப் பிறகு எங்கட அறிவித்தல் எல்லாத்தையும் பூதக்கண்ணாடி வைச்சு வாசிக்கிறியள் போல.

பண்ணைக்கரை:
நான் விட்டுப் போகேல்ல தம்பி, விட வைச்சவை. அது வேற கதை.

நீர் எழுதினது "பண்ணைக் கடலில்" எண்டு. "ஏறி இறங்கிற கரையில்" எண்டு எழுத உமக்கு மை முடிஞ்சு போச்சோ? பண்ணைப் பாலத்துக் கண்ணுக்குக் கிட்டப் போய் ஒருக்கா முழங்காலை வைச்சுப் பாரும். நீரோட்டம் இழுக்கிற இடமெல்லாம் அடி தோண்டுப்பட்டுப் போய்க் கிடக்கு. அதோட, மாரியில ஏறுற தண்ணி ஆடி ஆவணியில வத்தும். எந்த மாசத்து முழங்கால்? சொல்லும்.

கச்சான்கடை:
நான் ஒரு பை கச்சானோட இருந்திட்டன். தொடருங்கோ.

வல்வையான்:
முழங்கால் தண்ணிக்கு இவ்வளவு கதையோ! 1930இல எங்கட வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி எண்ட பாய்க்கப்பல் 1938இல அமெரிக்காவின்ர குளோஸ்ரர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 89 அடி. ராபின்சன் எண்ட வெள்ளைக்காரன், தன்ர சின்னப் படகில உலகத்தையே சுத்தி வந்தவன், தேடி வந்து வாங்கி "புளோரன்ஸ் சி. ராபின்சன்" எண்டு பேர் மாத்தினவன். கொண்டுபோனது ஆர்? எங்கட ஊர் மாலுமியள். அந்தக் கடற்கரையில பிறந்தவைக்கு உங்கட பண்ணைக்கை பெட்டிப் படகு ஓட்டுறதைப் பார்க்கச் சிரிப்பு வருது. அந்த ஒப்ரிமிஸ்டே 1947இல புளோரிடாவில பொடியளுக்கெண்டு பிளைவூட் பலகையில செய்த பெட்டிதானே.

பண்ணைக்கரை:
அன்னபூரணிக்கு என்ர வணக்கம். ஆனா குளோஸ்ரர் துறைமுகத்தில தண்ணி முழங்காலளவோ? இல்லைத்தானே. அப்ப விசயத்துக்கு வாங்கோ.

வல்வையான்:
விசயம் இதுதான். கடல் தெரிஞ்ச ஆக்களிட்டைக் கேட்டிருந்தால் பருவத்தை வைகாசியில தொடங்கியிருக்க மாட்டினம். தைப்பொங்கலுக்கு எங்கட கடற்கரையில பட்டம் ஏத்தேக்கை வாற காத்தைப் பாருங்கோ, விட்டு விட்டு அடிக்காமல் ஒரே சீரா நிக்கும். சோளகம் எண்டால் மத்தியானத்துக்குப் பிறகு பேய் பிடிச்ச மாதிரி. எட்டு வயதுப் பிள்ளை அதுக்கை பாயைப் பிடிக்குமோ?

கழகப்பொடியன்:
வல்வை அண்ணை, உங்கட கரை வடக்கைப் பார்த்த கரை. பண்ணை அப்பிடியில்லை. சோளகம் தென்மேற்கால வரும், படகு கவிண்டாலும் பிள்ளையைப் பட்டினக் கரைக்குத்தான் தள்ளும். வாடையில கவிண்டால் மண்டைதீவுப் பக்கம் வெளிய இழுத்துக்கொண்டு போகும், பிறகு இயந்திரப் படகில கலைச்சுப் பிடிக்க வேணும். அதாலதான் வைகாசி. அதிலயும் பயிற்சி காலமை 10 மணிக்கு முடிஞ்சிடும், பின்னேரக் காத்துக்கு ஒருத்தரையும் விடுறதில்லை. இதுகளை யோசிச்சுத்தான் எழுதினனாங்கள்.

பண்ணைக்கரை:
காத்துக் கதை வடிவான கதை. சரியாவும் இருக்கலாம். ஆனா அறிவித்தலில காத்துக்குப் பயப்பிட வேண்டாம் எண்டு நீர் எழுதேல்ல. முழங்காலைக் காட்டித்தான் பயப்பிட வேண்டாம் எண்டு எழுதியிருக்கிறீர்.

நெடுந்தீவாள்:
என்ர மகளின்ர பேரும் குடுத்திருக்கு. குறிகட்டுவானுக்குக் குமுதினிப் படகில போய் வந்து வளந்தவள் நான், தண்ணிக்குப் பயமில்லை. ஒரு கேள்விதான். பிள்ளையளுக்குப் போடுற மிதவைச் சட்டை எத்தினை இருக்கு? சின்ன அளவு இருக்கோ? போன முறை பெரிய ஆக்களின்ர சட்டையைப் போட்டுவிட்டு, அது பிள்ளையின்ர காதுக்கு மேல வந்து நிண்டது.

ஸ்காபரோ மாமா:
சட்டைக்கு முதல் ரெசினைக் கேளுங்கோ தங்கச்சி. படகுகளின்ர ஓட்டை அடைக்க ரெசினும், அதோட ஒட்டுற கண்ணாடிநார்ப் பாயும் வாங்கவெண்டு போன வருசம் இஞ்சயிருந்து நாங்கள் சேர்த்து அனுப்பின காசுக்கு இண்டுவரை ஒரு துண்டு றிசீற்றும் வரேல்ல. படம் மட்டும் வந்தது, அதில ஆறேழு பேர் ஒரு ரின்னைச் சுத்தி நிண்டு சிரிக்கினம். நாங்கள் ஒன்ராறியோ வாவியில வருசத்தில பாதி நாள் படகைக் கரையில ஏத்தி மூடி வைச்சிருக்கிற சனம். ஒரு பருவத்தின்ர அருமை எங்களுக்குத் தெரியும்.

கழகப்பொடியன்:
மாமா, ரெசின் வாங்கினது உண்மை, பூசினதும் உண்மை. வெடிச்சதும் உண்மைதான், அதை ஒளிக்கேல்ல. ரெசினை இறுக வைக்கிற கார்டினரைக் கூட ஊத்திப்போட்டினம். ரின்னில நூற்றுக்கு 2 எண்டு போட்டிருந்தால், எங்கட வெயிலுக்கு 1 காணும். மத்தியானம் கலந்தால் தூரிகையை எடுக்க முதலே கோப்பைக்கை இறுகிப் புகையும். இந்த முறை விடியக்காலமை, கொட்டிலுக்கை நிழலில வைச்சுக் கலக்கிறம். பழைய பூச்சைத் தேய்ச்சு எடுத்து, உப்புப் போகக் கழுவிக் காயவிட்டாப் பிறகுதான் பாய் ஒட்டுறது. கணக்கு பொருளாளரிட்டை இருக்கு.

வல்வையான்:
ரெசினாம், பாயாம்! எங்கட பெரியாக்கள் பலகைக்குப் பலகை பஞ்சு திணிச்சுக் கலப்பத்துப் பார்த்து விட்ட கப்பல் சமுத்திரம் தாண்டினது. உங்களுக்கு ஒரு பெட்டியின்ர ஓட்டையை அடைக்கக் கனடாவில இருந்து காசு வர வேணும்.

ஸ்காபரோ மாமா:
கனடாக் காசு எண்டு சொல்லுறதுக்கு என்ன அர்த்தம்? உங்கட ஊர்க் கோயில் கோபுரத்துக்கு எங்க இருந்து காசு வந்தது எண்டு கேக்கட்டோ?

பண்ணைக்கரை:
கோபுரத்தை விடுங்கோ. ஒரு விசயத்தை வடிவாச் சொல்லுறன், பெற்றோர் வாசிக்க வேணும்.

தண்ணி குறைவெண்டால் பாதுகாப்பு எண்டு நினைக்கிறதுதான் பெரிய பிழை. படகு கவிண்டால் பாய்மரம் கீழ போகும். ஒப்ரிமிஸ்டின்ர பாய்மரம் 2 மீற்றருக்கு மேல, லேசர் எண்ட பெரிய படகின்ரது அதின்ர ரெண்டு மடங்குக்கும் கூட. ஆழமான இடத்தில தண்ணிக்கை தொங்கும், பிள்ளை பலகையில ஏறி நிண்டு சாய்ச்சால் படகு நிமிரும். பண்ணையில நுனி சேத்துக்கை குத்தி இறுகிடும். பிறகு எத்தினை பேர் தொங்கினாலும் அசையாது. அலை படகைத் தள்ளத் தள்ள மரம்தான் வளையும். ஆர் ஓட்டின படகு எண்டு சொல்லேல்ல, ஆனா போன பருவத்து லேசர் ஒண்டின்ர பாய்மர மேல்துண்டு இன்னும் கொட்டிலுக்கை சுவரோட சாத்திக் கிடக்கு. வில்லு மாதிரி. நுனித் துவாரத்துக்கை காய்ஞ்ச சேறும், அதுக்கை ஒரு ஊரிச் சங்கும்.

இறால் பிடிக்கிற சிறகுவலைக்கு நட்ட பழைய தடியள் இன்னொண்டு. தண்ணி மட்டத்துக்குக் கீழ முறிஞ்சு நிக்கும், மேல தெரியாது. "முழங்கால்தானே" எண்டு படகால குதிக்கிற பிள்ளைக்கு அது எங்க ஏறும் எண்டு யோசியுங்கோ. திருக்கை சேத்துக்கை படுத்துக் கிடக்கும். குதிக்கக் கூடாது, காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடக்க வேணும் எண்டு முதல் நாளே சொல்லிக் குடுக்கிறது. இதெல்லாம் நான் பழக்கின காலத்தில பலகையில எழுதித் தொங்கினது. இப்ப அந்தப் பலகை எங்க? ஆர் எடுத்தது?

கழகப்பொடியன்:
அப்ப தண்ணி ஆழமெண்டாலும் பிழை, ஆழமில்லையெண்டாலும் பிழை. முதல் பதிவில முழங்காலுக்கு மேல எண்டு சண்டை, இப்ப முழங்கால் ஆபத்தெண்டு சண்டை. நாங்கள் என்ன, கடலை அளந்து வெட்டித் தரவோ? பாய்மர நுனியில மிதவை கட்டினால் படகு தலைகீழாப் போகாது, அது உங்களுக்குத் தெரியாதோ?

பண்ணைக்கரை:
கட்டினால் போகாதுதான். கட்டியிருக்கோ?

கச்சான்கடை:
😂😂

கழகப்பொடியன்:
கட்டுவம்.

நெடுந்தீவாள்:
சின்னச் சட்டை எத்தினை இருக்கு?

குருநகர் சம்மாட்டி:
கன நேரமா வாசிச்சுக்கொண்டிருக்கிறன். எங்கட தடியளைப் பற்றிக் கதைக்கிறவை, தொழில் செய்யிறவையோட ஒரு வார்த்தை கதைச்சவையோ? சிறகுவலை உங்கட படகுக்கு முதலே அதில நிக்குது. போன வருசம் ஒரு பிள்ளை வலைக்குள்ளால ஏத்தி, வலைப் பட்டியே சரிஞ்சு போச்சு, ஒரு இரவு இறால் முழுக்கப் போனது. நட்டம் குடுக்க வேண்டாம், ஒரு மன்னிப்பாவது கேட்டியளோ?

பண்ணைக்கரை:
சம்மாட்டியார், உங்களிட்டையே கேக்கிறன். அந்தப் பட்டி நிக்கிற இடத்தில தண்ணி முழங்காலோ, இடுப்பு நாரியோ?

குருநகர் சம்மாட்டி:
பெருக்குக்கு நாரி. வத்துக்கு முழங்கால். சேறு வேற. காலை வைச்சால் சேத்துக்கை முழங்கால், அதுக்கு மேல தண்ணி முழங்கால். எந்த முழங்காலைக் கணக்கில எடுக்கிறியள்?

பண்ணைக்கரை:
கேட்டியளோ! கேட்டியளோ! கடலுக்கை நிக்கிறவர் சொல்லுறார், நாரி.

கழகப்பொடியன்:
வத்துக்கு முழங்கால் எண்டும் சொன்னவர். அதை ஏன் விழுங்கிறியள்?

வல்வையான்:
வல்வையில இறங்கினால் ஒரு பேச்சு, ஆழக்கடல்.

ஸ்காபரோ மாமா:
அப்ப வல்வையிலயே ஒரு கழகம் தொடங்குங்கோவன். கலப்பத்துப் பார்த்து.

வல்வையான்:
தொடங்குவம். உங்கட காசில்லாமல் தொடங்குவம்.

மட்டுறுத்துநர்:
இழையின் தலைப்பு புதுப் பருவம் பற்றியது. அன்னபூரணி, கோயில் கோபுரம், கனடா ஆகியவற்றுக்குத் தனி இழை திறவுங்கோ. ஆளை ஆள் தாக்கி எழுதின பதிவுகள் சில நீக்கப்பட்டுள்ளன.

பண்ணைக்கரை:
நீக்கினதில என்ர பதிவும் ஒண்டு. பழக்கிற காலத்தில எனக்கு நடந்ததைத்தான் எழுதினனான், ஒருத்தரின்ர பேரும் போடேல்ல. பேர் போடாமலே ஆளுக்குச் சுடுதெண்டால் நான் என்ன செய்ய? ஒரு கூட்டத்தில எனக்குக் கதிரை போடாமல் விட்டதை மறந்திட்டன் எண்டு ஆரும் நினைக்க வேண்டாம். பருவம் தொடங்க முதல் படகு ஒவ்வொண்டையும் கவிழ்த்து, வயித்துப் பக்கம் தட்டிப் பார்த்து, சுக்கான் கொளுவிற பித்தளை தேய்ஞ்சிருக்கோ எண்டு விரலால தடவிப் பார்த்தது ஆர்? சாதாளைக் கடல்புல் சுத்தின இயந்திரத்தை இரவிரவாக் கழட்டினது ஆர்? இப்ப இருக்கிறவைக்குப் படம் பிடிக்கத்தான் நேரம்.

திரும்பச் சொல்லுறன். அந்த ஒரு வசனத்தை எடுத்தால் நான் வாயைத் திறக்க மாட்டன்.

கழகப்பொடியன்:
எடுக்க மாட்டம். நிர்வாகக் குழு பார்த்துச் சரி எண்டு விட்ட அறிவித்தல். ஒரு ஆளுக்காக மாத்திறதெண்டால் நாளைக்கு வைகாசி எண்டதையும் மாத்தச் சொல்லுவியள்.

வல்வையான்:
அதை மாத்தத்தான் வேணும்.

நெடுந்தீவாள்:
மூண்டாம் தரம் கேக்கிறன். சட்டை?

கழகப்பொடியன்:
அக்கா, கொட்டிலுக்கை இருக்கு. எண்ணித்தான் சொல்லலாம். ஆனா கொட்டில் பூட்டு. திறப்பு பழைய பயிற்சியாளரிட்டை இருக்கெண்டு எல்லாரும் சொல்லினம்.

பண்ணைக்கரை:
திறப்பை நான் எப்பவோ குடுத்தாச்சு. ஆரிட்டைக் குடுத்தனான் எண்டு அவருக்கே தெரியும்.

கழகப்பொடியன்:
அப்ப போன கிழமை உள்ளுக்கை கிடக்கிற மேல்துண்டின்ர நுனியில ஊரி இருக்கிறதை எப்பிடிக் கண்டனீங்கள்?

கச்சான்கடை:
அடுத்த பை உடைச்சாச்சு.

பண்ணைக்கரை:
யன்னலால பார்த்தனான்.

ஸ்காபரோ மாமா:
அப்ப யன்னலால ரெசின் ரின்னும் தெரிஞ்சதோ? எத்தினை நிக்குது?