உதவி: புதுசா வெச்ச லில்லி இலையெல்லாம் மஞ்சளாகுது

கோவை_மாடி: வணக்கம்ங்க. லில்லி வெச்சு கொஞ்ச நாள்தான் ஆச்சு. நல்லாத்தான் மொளச்சு வந்துச்சு, இப்ப இலை மஞ்சளாகி உதிருது. தண்ணியெல்லாம் கரெக்டா ஊத்தறேன். என்ன உரம் போடலாம்? சீக்கிரம் சொல்லுங்க, மொட்டு வேற இருக்குது.

மல்லிகைப்பந்தல்: எந்த லில்லிங்க? ரெயின் லில்லியா, ஸ்பைடர் லில்லியா, ஃபுட்பால் லில்லியா? தொட்டியா, தரையா? போட்டோ போடுங்க.

செம்மண்: மெக்னீசியம் பத்தல. எப்சம் சால்ட் லிட்டருக்கு ஒரு ஸ்பூன் கரைச்சு ஊத்துங்க. என் ரோஜாவைக் காப்பாத்தினதே அதுதான்.

வேர்பிடிப்பு: செடி பேரே சொல்லாம உரம் கேட்டா எப்படி? எத்தனை தடவை சொன்னாலும் யாரும் படிக்கறதில்ல. அடி இலையா, நுனி இலையா, முதல்ல அதைப் பார்க்கக் கத்துக்கணும். நுனி இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா நின்னா இரும்புச்சத்து எடுக்கல, உப்புத் தண்ணி ஊத்தினா அப்படி வரும். கீழேர்ந்து மஞ்சள் ஏறினா வேரைப் பாருங்க.

கோவை_மாடி: ஏசியாட்டிக் லில்லி, ஆன்லைன்ல வாங்கின பல்பு. எட்டு இஞ்ச் தொட்டியில மூணு. கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) மண்புழு உரமும் பாதிக்குப் பாதி. அடி இலைதான். ரெண்டு வேளை தண்ணி. மாடியில கறை பிடிக்கக் கூடாதுன்னு தொட்டிக்கடியில தட்டு வெச்சிருக்கு.

குன்னூர்_அக்கா: அந்தத் தட்டை இப்பவே எடுத்துடுங்க தம்பி. கோகோபீட் மேல காஞ்சு தெரியும், உள்ள ஈரம் நிக்கும். லில்லிக் கிழங்குக்கு வெங்காயம் மாதிரி மேல்தோல் கிடையாது, வெறும் செதில்தான். அதனால அடியிலேர்ந்து சீக்கிரம் அழுகும். உரமே வேண்டாம். ஓரமா தோண்டி அமுக்கிப் பாருங்க. கொழகொழன்னு இருக்கற செதிலைப் பிய்ச்சுப் போட்டுட்டு, சூடோமோனாஸ் (அழுகலைத் தடுக்கற நல்ல பாக்டீரியாப் பொடி) லிட்டருக்கு 10 கிராம் கரைச்சு அரை மணி நேரம் முக்கி, நிழல்ல உலர விடுங்க. அப்புறம் மணல் கலந்த மண்ணுல 4-6 இஞ்ச் ஆழத்துல வைங்க. கிழங்குக்கு மேல தண்டுலயும் வேர் விடும், மேலாக்க வெச்சா அது பிடிக்காது. விரலை விட்டுப் பார்த்து, ரெண்டு இஞ்ச் காஞ்சிருந்தா மட்டும் தண்ணி.

செம்மண்: அதோட எப்சமும் போடலாம், கெடுதல் இல்ல.

வேர்பிடிப்பு: அழுகின வேர் எப்சத்தை எதால உறிஞ்சும்?

மல்லிகைப்பந்தல்: வீட்ல பூனை இருக்கா? இந்த லில்லி பூனைக்கு விஷம். மேல ஒட்டின மகரந்தத்தை நக்கினாலே கிட்னி போயிடும்.

செம்மண்: சும்மா பயமுறுத்தாதீங்க. எங்க பூனை ரெயின் லில்லித் தொட்டியிலதான் படுத்துத் தூங்குது.

வேர்பிடிப்பு: ரெயின் லில்லி வேற குடும்பம், அதோட கிழங்குதான் விஷம். பூனையோட கிட்னியைக் கெடுக்கறது ஏசியாட்டிக், ஓரியண்டல் மாதிரி நிஜ லில்லியும் டே லில்லியும். அந்தப் பூ வெச்ச ஜாடித் தண்ணியை நக்கினாக்கூட ஆபத்து. தெரியாம பேசி யாரோட பூனையையும் சாகடிக்காதீங்க.

செம்மண்: சரி, அது எனக்குத் தெரியாது. எப்சம் விஷயத்துல நான் சொன்னது சொன்னதுதான்.

கோவை_மாடி: தோண்டிப் பார்த்தேங்க. ரெண்டு கிழங்கு அடி கருத்து நாத்தம் அடிக்குது. ஒண்ணு கெட்டியா இருக்கு, வெள்ளை வேரும் இருக்கு. தட்டை எடுத்தாச்சு. பூனை இல்லைங்க. நன்றி அக்கா.

குன்னூர்_அக்கா: நாத்தம் அடிக்கறதை உரக்குழியில போடாதீங்க, குப்பையில போடுங்க. கெட்டியானதைப் புது மண்ணுல வெச்சு, மொட்டைக் கிள்ளிடுங்க. மனசு வராதுதான், ஆனா பூவுக்குப் போற சத்து கிழங்குக்குப் போகட்டும். பாதி பச்சையா நிக்கற இலையை வெட்டாதீங்க. மொட்டு என்ன சைஸ்ல இருக்கு?

மல்லிகைப்பந்தல்: தம்பி, போட்டோ?