வாய்க்கால் தோட்டத்துச் சொந்தங்கள்

நான்: டாக்டர் இப்போதுதான் கூப்பிட்டுப் பேசினார். அப்பாருக்கு (தாத்தாவுக்கு) மூளையில் இரத்தக்கசிவு கூடியிருக்கிறது. வெண்டிலேட்டர் ஓடினாலும் இனி நினைவு திரும்பாது என்கிறார். வீட்டார் கலந்து பேசிச் சொல்லுங்கள் என்றார்.

காங்கேயம் அத்தை: முருகா 🙏

காங்கேயம் மாமா: யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். எம்.எல்.ஏ.விடம் பேசிவிட்டேன். நாளைக் காலை நேரில் வருகிறார். மேலிடத்திலிருந்து நிர்வாகத்துக்கு போன் போகும், கருவியை யாரும் தொட முடியாது. நம் பக்கத்தில் கட்சிக்கு முதல் கொடி கட்டியவர் மாமா. தேர்தல் நேரத்தில் அவரைக் கைவிட்டதாகப் பேச்சு வரக் கூடாது.

கோபி அக்கா: அப்பாருக்கும் தேர்தலுக்கும் என்ன மாமா?

பெரியப்பா: பொறுங்கள்.

சித்தப்பா: மச்சான், எம்.எல்.ஏ. வந்து பார்க்கட்டும், அது மரியாதை. போன் போவதுதான் ஆகாது. அமெரிக்காவில் இது நடந்திருக்கிறது. புளோரிடாவில் டெரி ஷையாவோ என்ற பெண். 1990இல் இதயம் நின்று மூளை கெட்டுவிட்டது. உணவுக் குழாயில்தான் உயிர். ‘இப்படிக் கிடக்க அவள் விரும்பமாட்டாள்’ என்றார் கணவர். பெற்றோர் விடமாட்டோம் என்றார்கள். அவள் எழுதிவைத்தது எதுவுமில்லை.

தம்பி (டாம்பா): அப்பா, அவர் இருந்த இடம் பினெல்லஸ் பார்க். இங்கிருந்து வளைகுடாவைத் தாண்டினால் வந்துவிடும்.

தாராபுரம் மச்சான்: நாளை பெருந்துறையில் கொப்பரை ஏலம். களத்தில் காய்வதை யார் மூட்டை கட்டுவது? அட்டை அப்பாரு பெயரில் இருக்கிறது.

கோபி அக்கா: இப்போதா?

தாராபுரம் மச்சான்: மழை வந்தால் யார் பொறுப்பு?

சித்தப்பா: நீதிமன்றம் கணவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. குழாயை எடுத்தார்கள். 2003இல் புளோரிடா சட்டமன்றம் தனிச் சட்டம் போட்டது, ஆளுநர் ஜெப் புஷ் குழாயைத் திரும்பப் பொருத்தவைத்தார். அந்தச் சட்டம் செல்லாது என்று 2004இல் மாநில உச்ச நீதிமன்றம் தள்ளியது. 2005 மார்ச் 18இல் மறுபடி குழாயை எடுத்தார்கள். உடனே நாடாளுமன்றமே ஞாயிற்றுக்கிழமை கூடியது. வழக்கை மத்திய நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வழிவிடும் சட்டத்துக்கு, நள்ளிரவு தாண்டிக் கீழவையில் 203க்கு 58 என்று வாக்கு. அண்ணன் ஜார்ஜ் புஷ், ஜனாதிபதி, டெக்சாஸ் பண்ணையிலிருந்து விமானத்தில் வந்து விடிவதற்குள் கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு பெண்ணுக்காக! பாசம் என்று நினைக்கிறீர்களா? புஷ் சகோதரர்களின் குடியரசுக் கட்சி செனட்டர்களிடம் ஒரு குறிப்புச் சுற்றியது. ‘இது நமக்கு அருமையான அரசியல் விவகாரம், நம் வாக்காளர்கள் உற்சாகமாவார்கள், எதிர்க்கட்சிக்குச் சங்கடம்’ என்று அதில் இருந்தது. எழுதியவர் அந்தக் கட்சி செனட்டர் ஒருவரின் உதவியாளர்தான்.

காங்கேயம் மாமா: மாப்பிள்ளை, பாடம் நடத்தாதீர்கள். நான் ஓட்டுக்காகச் செய்யவில்லை.

சித்தப்பா: உங்களைச் சொல்லவில்லை. போனை எடுப்பவர்களைச் சொல்கிறேன். அங்கே மக்கள் அதை ஏற்கவுமில்லை. நாடாளுமன்றம் தலையிட்டிருக்கக் கூடாது என்று கருத்துக்கணிப்பில் பெரும்பான்மையோர் சொன்னார்கள். நீதிமன்றங்களும் அசையவில்லை. மார்ச் 31இல் அந்தப் பெண் போய்ச் சேர்ந்தாள். இரண்டு குடும்பங்களின் பகை மட்டும் ஊரெல்லாம் நாறியது.

காங்கேயம் அத்தை: அம்மா போனபோதும் இப்படித்தான் கலந்து பேசினீர்கள். எல்லாம் அடங்கிய பிறகுதான் எனக்குச் சொன்னீர்கள்.

பெரியப்பா: அம்மணி, அதை இப்போது எடுக்காதே.

காங்கேயம் அத்தை: எப்போது எடுப்பது?

கோபி அக்கா: அப்பத்தா காரியத்தன்று திண்ணையில் அப்பாரு சொன்னார். ‘கம்பியும் குழாயுமாக என்னைப் போக விடாதீர்கள், தோட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.’ நானும் அப்பாவும் கேட்டோம்.

காங்கேயம் மாமா: என்னிடம் ‘கடைசி வரை பாருங்கள் மாப்பிள்ளை’ என்றார்.

சித்தப்பா: இரண்டையும் டாக்டர்களிடம் சொல்லுவோம். நம் நாட்டில் இதற்கு வழி இருக்கிறது. 2018இல் உச்ச நீதிமன்றம் வகுத்து 2023இல் எளிதாக்கியது. மருத்துவமனை மூன்று டாக்டர்கள் குழு பார்க்கும். அடுத்து இன்னொரு குழு பார்க்கும், அதில் ஒருவரை மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி அனுப்புவார். குடும்பத்தின் எழுத்துச் சம்மதம் வேண்டும். நீதித்துறை நடுவருக்குத் தெரிவித்த பிறகுதான் கருவியை எடுக்கலாம். கட்சிக்கு இதில் இடமே இல்லை மச்சான்.

தம்பி (டாம்பா): டிக்கெட் பார்க்கட்டுமா?

சித்தப்பா: பார்.

பெரியப்பா: நான் விடியற்காலை பஸ் ஏறுகிறேன். குழு கூடட்டும். அதுவரை எடுக்கவும் வேண்டாம், யாருக்கும் போன் போடவும் வேண்டாம்.

காங்கேயம் மாமா: போட்டாகிவிட்டதே. வருகிறவரை வராதீர்கள் என்று எப்படிச் சொல்வது?

கோபி அக்கா: வரட்டும். போட்டோ வேண்டாம்.

காங்கேயம் மாமா: 🙏

தாராபுரம் மச்சான்: கொப்பரை?

பெரியப்பா: கட்டு.

காங்கேயம் அத்தை: அமாவாசை கழியட்டும் அண்ணா. அய்யன் பக்கத்தில் நான் உட்கார வேண்டும். முதலில் என்னை உள்ளே விடச் சொல்லுங்கள்.

நான்: ஒருவரைத்தான் விடுவார்கள் அத்தை. மாலை 4 மணிக்கு.

காங்கேயம் அத்தை: அப்படியானால் அது நான்தான்.