நிர்வாகக் குழு உறுப்பினரின் உறவினருக்கே வேலை போகிறது: மாதிரி விதிகள் கிடைக்குமா?

வணக்கம் நண்பர்களே. சிறிய தொண்டு நிறுவனம் ஒன்றின் நிர்வாகக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். குழு உறுப்பினர் ஒருவரின் தம்பி நடத்தும் அச்சகத்துக்கே எங்கள் அச்சு வேலை எல்லாம் போகிறது. விலை நியாயமாகவே இருக்கலாம். ஆனால் வேறு யாரிடமும் கொட்டேஷன் வாங்கியதில்லை. ஒப்புதல் தந்த கூட்டத்தில் அந்த உறுப்பினரும் வாக்களித்திருக்கிறார். மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) அந்த உறவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நன்கொடையாளர் பணத்துக்கு நாங்கள்தானே பொறுப்பு? தொடர்புள்ளவர் அதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, விவாதத்திலும் வாக்கெடுப்பிலும் கலந்துகொள்ளாமல் விலகி, அதை மினிட்ஸில் பதிவதே முறை. தலைவரிடம் சொன்னேன். "இத்தனை வருஷம் சம்பளம் வாங்காமல் உழைக்கிறவரைச் சந்தேகப்படலாமா?" என்கிறார். அந்த உழைப்பின் மேல் எனக்கும் மதிப்பு உண்டு. விதி எல்லோருக்கும் பொதுவாக இருந்தால் நாளை யாராவது கேள்வி கேட்கும்போது அவருக்கும் அதுவே பாதுகாப்பு.

உங்கள் அமைப்பில் இதற்கென எழுதிவைத்த விதிகள் இருந்தால் பகிர முடியுமா? இப்படிப்பட்ட தொடர்புகளைத் தெரிவிக்கும் படிவத்தை ஆண்டுதோறும் எல்லா உறுப்பினர்களிடமும் வாங்குகிறீர்களா? அப்புறம், ஒருவர் விலகுவதால் கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) குறைந்தால் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அடுத்த கூட்டத்தில் வரைவு ஒன்றை வைக்க நினைக்கிறேன்.