அலுமினிய பாடி கார் அடிபட்ருச்சு, மதுரையில தட்டிக்கலாமா இல்ல வெளியூர் கொண்டு போகணுமா?

ஒத்தக்கடை_டிரைவ்:
வணக்கம்ணே. போன மாசம் சிட்டம்பட்டி டோல் தாண்டி வரும்போது சர்வீஸ் ரோட்லருந்து ஒரு மினி லாரி திரும்பிப் பாக்காம மேல ஏறிட்டாரு, நான் பிரேக்க மிதிச்சும் இடது பக்க மூக்கு போய் இடிச்சிருச்சு. ஆளுக்கு ஒண்ணுமில்ல, ஏர்பேக்கும் விரியல, அழகர் புண்ணியம். வண்டி 2017 ஜாகுவார் எக்ஸ்எஃப் டீசல், ரெண்டு வருசத்துக்கு முன்னாடி செகண்ட்ஸ்ல ஆசப்பட்டு வாங்குனது. பானெட் மடங்கிருச்சு, இடது ஃபெண்டர் கிழிஞ்சிருச்சு, பம்பர் ஹெட்லைட் போச்சு, உள்ள டார்ச் அடிச்சுப் பாத்தா சேசிஸ் லெக் (பம்பருக்குப் பின்னால மோதல வாங்குற சட்டம்) ஒரு விரக்கட அளவு உள்வாங்கி இருக்கு.

இங்க ஒரு கடைக்காரர் எல்லாத்தையும் இழுத்து நேராக்கி பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சு பத்து நாள்ல தர்றேன், 85,000 ஆகும்ங்கிறாரு. கம்பெனி ஆளுக வெளியூருக்குக் கொண்டு வரச் சொல்றாங்க, எஸ்டிமேட் 6 லட்சத்த தாண்டுது, ரெண்டு மாசம் வேற. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பாத்துட்டு ஃபெண்டர், பம்பர், லைட் மாத்திக்கங்க, மத்தது ரிப்பேர்தான்னுட்டு போயிட்டாரு. ஃப்ரெண்டு ஒருத்தன் இது அலுமினிய பாடிடா, சுத்தியலே படக்கூடாதுங்கிறான். வீட்ல அப்பா, அலுமினியந்தானடா, சோத்துக் குண்டான் நெளிஞ்சா தட்டி எடுக்கறதில்லையாங்கிறாரு. யார் சொல்றத கேக்குறதுன்னு தெரியல.

புதூர்_டிங்கர்:
தம்பி, நான் 22 வருசமா டிங்கரிங் பாக்குறேன். அப்பா சொல்றது பாதி சரி. குண்டான தட்டுனா நேராகும், அதே எடத்துல நாலு தடவ நெளிச்சு நெளிச்சுத் தட்டிப் பாருங்க, கோடு விழுந்து கிழியும். ஸ்டீல் தகடு தட்டுனா கொஞ்சம் பழைய எடத்துக்குத் திரும்பப் பாக்கும், இது நெளிஞ்ச எடத்துல இறுகிப்போய் அப்படியே நிக்கும், சூடு காட்டாம அப்படியே இழுத்தா வெடிப்புதான். லேசா சூடு காட்டித்தான் இழுக்கணும், அதுலயும் சிக்கல் இருக்கு. இரும்பு சூடேறுனா செவந்து நமக்குச் சொல்லும், அலுமினியம் கலரே மாறாது, 660 டிகிரிக்குள்ளயே பொத்துன்னு ஓட்ட விழுந்துரும். ஓட்ட விழுறதுக்கு ரொம்ப முன்னாடியே, 200 டிகிரி தாண்டுனாலே பலம் கொறஞ்சிரும், அது கண்ணுக்குத் தெரியாது. அதனால கேஸ் டார்ச்ச கிட்ட கொண்டு வர்றவன்கிட்ட வண்டிய விடாதீங்க. ஹீட் கன்னும், சூட்டக் காட்டுற ஸ்டிக்கரோ சாக்பீஸோ வச்சிருக்கானான்னு பாருங்க.

எங்க வாத்தியார் கொடைக்கானல் எஸ்டேட் லேண்ட் ரோவரெல்லாம் தட்டியிருக்காரு, அதுவும் அலுமினியத் தகடுதான், 1948ல போருக்கப்புறம் ஸ்டீலு கெடைக்காம அப்படிச் செஞ்சாங்கன்னு சொல்வாரு. ஆனா அதுல அடியில இருக்குற சேசிஸ் இரும்பு, மேல தோல் மட்டுந்தான் அலுமினியம், தட்டுனாலும் பயமில்ல. உங்க வண்டியில எலும்பே அலுமினியம், பாடியில முக்கால்வாசி அதுதான். பெரும்பாலும் வெல்டிங் கிடையாது, பசையும் ரிவெட்டும் சேத்துப் புடிச்சிருக்கு. பசைன்னதும் ஃபெவிக்கால்னு நெனச்சுராதீங்க, அதுவும் சேந்துதான் பாரத்தத் தாங்குது. பழைய ரிவெட்டத் திருப்பி அடிக்கவும் முடியாது. அதனால லெக்க இழுத்து நேராக்குறேன்னு சொல்ற கடைக்கு ஒரு கும்புடு போட்டு வந்துருங்க. கம்பெனி ரிப்பேர் புத்தகத்துல எத மாத்தணும், எங்க வெட்டலாம்னு போட்டிருக்கும், லெக்குன்னா புதுசு மாத்துறதுதான். இத நானே எடுத்துச் செய்ய மாட்டேன், எங்கிட்ட பாடிய அளவு மாறாமப் புடிக்கிற ஜிக்கும் இல்ல ரிவெட் கன்னும் இல்ல.

வைகைக்கரை:
ப்ரோ, டிங்கர் அண்ணன் சொல்லாம விட்ட ஒண்ணு, டூல்ஸ். எனக்கு வேற வண்டி, பானெட் மட்டும் அலுமினியம், பைபாஸ் ரோட்ல ஒரு பைக் விழுந்து நெளிச்சிருச்சு. ஒரு கடையில குடுத்தேன், வேல பாத்தா கண்ணாடி மாதிரி இருந்துச்சு, நானே டீ வாங்கிக் குடுத்துப் பாராட்டிட்டு வந்தேன். எட்டு மாசத்துல ஓரத்துலருந்து கொப்புளம் கொப்புளமா கெளம்பிருச்சு. அவரு இரும்பு வண்டிக்குப் போட்ட அதே கிரைண்டர் டிஸ்க்கு, அதே கம்பி பிரஷ்ஷ இதுலயும் போட்டிருக்காரு. இரும்புத்தூளு அலுமினியத்துல ஏறிட்டா ஈரம் பட்டதும் பேட்டரி மாதிரி வேல செஞ்சு அரிச்சிருமாம், மேல பெயிண்ட் என்ன பண்ணும். அலுமினியத்துக்குத் தனி ரூமோ திரையோ, தனி டூல்ஸோ இருக்கான்னு நேர்ல போய்ப் பாருங்க, போன்ல கேட்டா எல்லாரும் இருக்குன்னுதான் சொல்வாங்க 😄

புதூர்_டிங்கர்:
ஆமாய்யா, அது மறந்துட்டேன். அலுமினியத்தூளும் துருத்தூளும் ஒண்ணாச் சேந்து தீப்பொறி பட்டா அதுதான் ரயில்வேக்காரங்க தண்டவாளத்த ஒட்டப் போடுற மருந்து, அப்படிப் பத்திக்கும். ஒரே வேக்குவம்ல ரெண்டையும் உறிஞ்சுற கடையில நான் நிக்கக்கூட மாட்டேன். அப்புறம் தம்பி, ஒரு காந்தம் வாங்கி வண்டி பூரா ஒட்டிப் பாருங்க, எங்க ஒட்டுது எங்க ஒட்டலன்னு ஒரு பேப்பர்ல வரஞ்சு வச்சுக்கங்க. இரும்பும் அலுமினியமும் சேர்ற எடத்துலதான் அரிப்பு மொதல்ல வரும்.

பாலிசி_மாமா:
இன்சூரன்ஸ் பக்கம் நான் சொல்றேன். சர்வேயர் வாயில சொன்னது கணக்கில்ல. கம்பெனி ரிப்பேர் புத்தகத்துல லெக்க நேராக்கக்கூடாதுன்னு இருக்குற பக்கத்த சர்வீஸ் சென்டர்லயே பிரிண்ட் வாங்கி, கழட்டிப் பாத்தப்புறம் சப்ளிமென்டரி எஸ்டிமேட்டோட (கூடுதல் செலவுக் கணக்கு) சேத்து சர்வேயருக்கு மெயில்ல போடுங்க. கழட்டுனாத்தான் உள்ள எவ்வளவுன்னு தெரியும், அதுக்கப்புறம் ரீ-இன்ஸ்பெக்ஷன் கேளுங்க. மாட்டேன்னு எழுத்துல வந்தா இன்சூரன்ஸ் கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்க, ஒரு மாசத்துல சரியான பதில் வரலன்னா சென்னையில இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன் (புகார விசாரிக்கிற நடுவர்) இருக்காரு, காசு கெடையாது.

ஆனா கைக்காசு எவ்வளவு போகும்னு இப்பவே கணக்குப் போட்டுக்கங்க. இந்த வயசு வண்டிக்கு ஜீரோ டெப் (பார்ட்ஸுக்குத் தேய்மானம் புடிக்காத பாலிசி) இருக்காதுன்னு நெனைக்கிறேன். அஞ்சு வருசம் தாண்டி பத்துக்குள்ளன்னா மெட்டல் பார்ட்ஸ்ல 40 சதவீதம் நம்ம தலையில, பிளாஸ்டிக்குக்கு 50, லேபர் முழுசா வரும். 1500 சிசிக்கு மேலங்கறதால 2,000 கட்டாயக் கழிவு தனி. இன்னொண்ணு, ரிப்பேர் செலவு ஐடிவியில (பாலிசியில வண்டிக்குப் போட்ட மதிப்பு) 75 சதவீதத்தத் தாண்டுனா, ரிப்பேர் பண்ணாம டோட்டல் லாஸ்னு போயிருவாங்க. உங்க ஐடிவி என்ன?

ஒத்தக்கடை_டிரைவ்:
ஐடிவி 14 லட்சம் மாமா, அதனால டோட்டல் லாஸ் ஆகாது. நேத்து அந்த 85,000 கடைக்குத் திரும்பப் போனேன், அலுமினியத்துக்குத் தனி டூல் இருக்கான்னு கேட்டேன், "அதெல்லாம் சோப்பு போட்டு கழுவிருவோம் சார்"னாரு. அதோட முடிச்சுக்கிட்டேன். கம்பெனி ஆளுக சொன்ன கோயம்புத்தூருக்கே அனுப்பலாம்னு இருக்கேன். சர்வேயருக்கும் மெயில் போட்டாச்சு. காந்தம் வச்சதுல அப்பாதான் முழு நேரமும் கூட நின்னாரு, ஒட்டாத எடத்துல எல்லாம் "அட"ன்னுட்டே வந்தாரு. முன் வீலு லேசா தேயுது, ஓட்டிட்டுப் போகாம ஃப்ளாட்பெட் லாரியில ஏத்தணும், மதுரையில நல்ல ஆள் யாராச்சும் இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்கண்ணே. சங்கிலி போட்டுக் கட்டுறவங்க வேணாம், பெல்ட் போடுறவங்களா பாத்து சொல்லுங்க.