இன்ஃப்ராரெட் சாவ்னா: எத்தனை டிகிரியில் உட்காருகிறீர்கள்? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

தொடங்கியவர்:

கல் அடுப்பு வைத்த பழைய பாணி சாவ்னாவுக்கு, அதாவது வியர்ப்பதற்காகவே உட்காரும் சூடான அறைக்கு, பழகியவன் நான். அங்கே 80, 90 டிகிரி செல்சியஸ் என்பது சாதாரணம். அண்மையில் நான் போகும் உடற்பயிற்சிக் கூடத்தில் இன்ஃப்ராரெட் சாவ்னா வைத்திருக்கிறார்கள். முதல்முறை போனபோது திரையில் 48 என்று இருந்தது. இந்தச் சூட்டில் வியர்க்கவே வியர்க்காது என்று எண்ணித்தான் உட்கார்ந்தேன். சிறிது நேரத்திலேயே முதுகு நனைந்துவிட்டது. ஆனால் முழங்காலுக்குக் கீழே கதகதப்புகூட இல்லை. பிறகு திடீரென்று சூடு தணிந்ததுபோல் ஆயிற்று, திரையில் மட்டும் அதே 48. வேறொரு நாள் யாரோ 60 வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அன்று சூடு சீராக வந்தது, எனக்கு அதுவே பிடித்திருந்தது. திரையில் தெரியும் எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது? உங்களுக்கு எது ஒத்துவந்தது என்று விரிவாகவே எழுதுங்கள்.

வீட்டில் சாவ்னா வைத்திருக்கும் உறுப்பினர்:

திரையில் தெரிவது காற்றின் வெப்பநிலை. அதை அளக்கும் சென்சார் பெரும்பாலும் கூரையை ஒட்டியோ சுவரின் மேற்பகுதியிலோ இருக்கும். சூடான காற்று மேலே போய்த் தேங்குகிறது. ஆகவே தலைக்கு மேலே 55 இருக்கும் நேரத்தில் தரையருகே அதைவிட வெகுவாகக் குறைந்திருக்கும். ஒரு சாதாரண தெர்மாமீட்டரைப் பெஞ்சின் மட்டத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டு எண்களும் ஒத்துப்போகாது. உங்கள் கால்கள் சொன்னதும் அதையேதான்.

ஆனால் இந்த அறையில் உடம்பைச் சூடாக்கும் வேலையை முதன்மையாகச் செய்வது காற்று அல்ல, சுவரில் உள்ள சூடேற்றும் தகடுகளான பேனல்களிலிருந்து வரும் கதிர்வீச்சு. பனிக்காலக் காலையில் வெயிலில் நிற்கும்போது காற்று சில்லென்று இருந்தாலும் தோல் சுடுகிறதல்லவா, அதே வகை. சூடு திடீரென்று தணிந்ததற்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. நாம் வைத்த எண்ணைக் காற்று தொட்டதும் தெர்மோஸ்டாட் பேனல்களை அணைத்துவிடும். 48 வைத்தால் அறை விரைவிலேயே 48ஐ எட்டும், பேனல்கள் அணையும், அதன்பின் நீங்கள் வெறும் வெதுவெதுப்பான காற்றில் உட்கார்ந்திருப்பீர்கள். கதிர் குறைந்துபோனது திரைக்குத் தெரியாது. 60 வைத்தால் அந்த எண்ணை எட்டவே நேரம் ஆகும், அதுவரை பேனல்கள் விடாமல் இயங்கும். சில மாதிரிகளில் முழுதாக அணையாமல் திறன் மட்டும் குறையும். அவற்றில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது.

நான் இலக்கை உயர்த்தி வைத்துவிட்டு, காற்று 45 அளவுக்கு வந்ததும் உள்ளே போய்விடுகிறேன். கல் அடுப்பு சாவ்னாவைப் போல முழுச் சூடு ஏறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, பேனல் சூடானால் போதும். இன்னொன்று தூரம். முதுகைப் பேனலில் சாய்த்தால் அந்த இடம் மட்டும் பொறுக்க முடியாமல் சுடும், முன்பக்கம் குளிர்ந்தே இருக்கும். மடித்த துண்டு ஒன்றை இடையில் வைத்துக்கொண்டு, அவ்வப்போது திரும்பி உட்காருவது எனக்கு நன்றாக ஒத்துவருகிறது. கால்களைப் பெஞ்சின் மேல் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இயற்பியல் கற்பிக்கும் உறுப்பினர்:

மேலே உள்ள விளக்கத்தோடு முழுமையாக உடன்படுகிறேன். கொஞ்சம் பின்னணி சேர்க்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1800இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்திலும் பாதரசம் ஏறியது. சிவப்பைவிட அதிகமாகவே ஏறியது! அந்தக் கதிர்கள்தான் இந்த இன்ஃப்ராரெட், அதாவது அகச்சிவப்புக் கதிர்கள்.

ஒரு பொருள் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அதற்கேற்ப அதன் கதிரின் அலைநீளம் அமையும். 100 டிகிரியில் இருக்கும் பேனலின் கதிர் ஏறத்தாழ 8 மைக்ரானில் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உச்சம் பெறும். நம் தோலிலிருந்து எந்நேரமும் வெளியேறும் கதிரின் உச்சம் ஏறத்தாழ 9.5 மைக்ரான். 3 மைக்ரானுக்கு மேற்பட்ட இந்த வகையை நீர் மிக எளிதாக உறிஞ்சிக்கொள்கிறது. தோலில் நீர் நிறைய இருப்பதால் மேலே ஒரு மில்லிமீட்டருக்குள்ளாகவே அது முடிந்துவிடுகிறது. கதிர் தசைக்குள் அங்குலக் கணக்கில் ஊடுருவுகிறது என்று விற்பனையாளர் ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். அப்படி நம்பி யாரும் பணம் கொடுக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். தோல் சூடாகிறது, தோலில் ஓடும் இரத்தம் அந்தச் சூட்டை உள்ளே கொண்டுபோகிறது, உடல் வியர்வையால் அதைத் தணிக்கப் பார்க்கிறது. 48 டிகிரிக் காற்றிலும் வியர்ப்பது இதனால்தான். உட்கார்ந்து எழுந்ததும் எடை குறைந்திருந்தால் அது நீர் மட்டுமே, குடித்தால் திரும்பிவிடும்.

ஓய்வுபெற்ற செவிலியர்:

ஜப்பானில் 1989இல் மருத்துவர் சூவா தேய் இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்காக வாவோன் என்னும் சிகிச்சைமுறையை உருவாக்கினார். 60 டிகிரியில் சீரான சூடு உள்ள அறையில் 15 நிமிடம், பிறகு வெளியே போர்வை போர்த்திக்கொண்டு 30 நிமிடம் ஓய்வு, இழந்த வியர்வைக்கு ஈடாகத் தண்ணீர். அவ்வளவுதான். உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 1 டிகிரி உயர்கிறது. மருத்துவக் கண்காணிப்பில் நடப்பதை நாம் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. ஆனால் அந்த 15 நிமிடத்தைக் கவனியுங்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன் என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

நான் நேரில் கண்டது ஒன்று. உள்ளே நலமாகப் பேசிக்கொண்டிருந்த பெண்மணி, சட்டென்று எழுந்ததும் கண் இருட்டி அப்படியே சரிந்தார். சூட்டில் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும். எழும்போது மூளைக்குப் போகும் இரத்தம் ஒரு கணம் குறைகிறது. முதலில் சூட்டை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து, சில நிமிடம் உட்கார்ந்திருந்து மெதுவாக எழுந்திருங்கள்.

நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சுடுவது தெரியாது. அவர்கள் பேனலுக்கு அருகே காலை வைக்கவே கூடாது. வலிக்காக ஃபென்டனில் என்னும் வீரியமான வலிநிவாரணி மருந்துப் பட்டையைத் தோலில் ஒட்டியிருப்பவர்கள் உள்ளேயே போகக் கூடாது. சூட்டில் மருந்து வேகமாக உடலுக்குள் இறங்கும், அது உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகளும், இதய நோய் உள்ளவர்களும், இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். மது அருந்திவிட்டு யாருமே போகக் கூடாது.

சூடு அதிகம் தாங்காத உறுப்பினர்:

அம்மா, நீங்கள் எழுதியது எனக்கு மிகவும் தெம்பாக இருக்கிறது. எனக்கு இயல்பாகவே இரத்த அழுத்தம் குறைவு. 50க்கு மேல் போனால் மூச்சு முட்டுவதுபோல் இருக்கும். அதிகம் தாங்கினால்தான் பலன் என்று உடன் வருபவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு உதவியது கூரையில் உள்ள சிறு காற்றுத் திறப்பு. அதைத் திறந்துவைத்தால் தலைப்பக்கம் காற்று குளிர்ந்து மூச்சு எளிதாகிறது. சென்சாரும் மேலே இருப்பதால் பேனல்கள் அணையாமல் தொடர்ந்து இயங்குகின்றன. உடம்புக்குச் சூடு, முகத்துக்குக் காற்று. நெற்றியில் ஈரத்துணி ஒன்று. காற்று 42, 43 டிகிரியிலேயே எனக்கு நன்றாக வியர்க்கிறது, அன்றிரவு தூக்கமும் நன்றாக வருகிறது. காய்ச்சல் வந்ததுபோல் படபடப்பு தொடங்கினால், கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, வெளியே வந்துவிடுகிறேன்.

தொடங்கியவர்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. கூரைத் திறப்பு எங்கள் கூடத்திலும் இருக்கிறது, மூடியே கிடந்தது. திறந்துவைத்து 60 என்று அமைத்ததில் காற்று ஐம்பதைத் தாண்டவில்லை, பேனல்களும் நிற்கவில்லை. புதிதாக வருபவர்களுக்கு ஒரு தகவலும் சொல்லிவிடுகிறேன். நேற்று ஒருவர் திரையில் 130 என்று பார்த்துவிட்டு, உள்ளே நுழையவே மாட்டேன் என்று நின்றுகொண்டிருந்தார். அது பாரன்ஹீட், ஏறத்தாழ 54 டிகிரி செல்சியஸ். பல மாதிரிகளில் அலகை மாற்றும் பொத்தான் திரையிலேயே இருக்கிறது. எண்ணைப் படிக்கும் முன் பக்கத்தில் இருக்கும் எழுத்தையும் பாருங்கள்.