சுருட்டுக்குள்ள வைக்கிற ஃபில்லர் இலை அவ்ளோ முக்கியமா?

கேள்வி: கியூபா சுருட்டுல மேல சுத்துற இலைல தான் டேஸ்ட்டேன்னு ஒருத்தர் அடிச்சு சொல்றாரு, அப்போ உள்ள இருக்கிற ஃபில்லர் எதுக்கு?

பதில் 1: உள்ள இருக்கிறது தான் உயிரே நண்பா. செடியோட உச்சில வெயில் நல்லா வாங்குற இலை லிகேரோ, தடிப்பு, காரம் ஜாஸ்தி, மெதுவா தான் எரியும், அதனால அதை நட்டநடுவுல வெச்சு சுத்தி செடியோட நடுப்பகுதி இலையான செக்கோ வைப்பாங்க, வாசனை அதுல தான், அடி இலை வொலாடோ சீரா எரியறதுக்கு. லிகேரோ ஓரமா ஒதுங்கிட்டா ஒரு பக்கமாவே எரியும்.

பதில் 2: முழு நீளத்துக்கு இலை வெச்சா லாங் ஃபில்லர். வெட்டின துண்டு ஷார்ட் ஃபில்லர், விலை கம்மி, ஆனா சூடா சீக்கிரம் எரியும், வாயில தூள் வரும்.

பதில் 3: பதப்படுத்துறதையும் சேர்த்துக்கோங்க ப்ரோ, லிகேரோவுக்கு அதிக நாள் வேணும், அவசரப்பட்டா அம்மோனியா நெடி அடிக்கும்.