அரைக்கிலோ ரிவால்வரும் அமெரிக்க விசாவும்: டெல்டாக்காரங்க கேட்டதும் சொன்னதும்

மன்னார்குடி:
எல்லாருக்கும் வணக்கம். லீவுல ஊருக்கு வந்திருக்கேன், தை பாதியில ஹூஸ்டன் திரும்பணும். எச்-1பி விசா. மனைவி அமெரிக்க சிட்டிசன். ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வர்ற வழி அவ்வளவு நல்லா இல்லைன்னு, வெளியில தெரியாம இடுப்புல வெச்சுக்கிற மாதிரி சின்ன ரிவால்வர் ஒன்னு வாங்கலாம்னு யோசனை. பிஸ்டலைவிட ரிவால்வர்ல சிக்கல் கம்மின்னு சொல்றாங்க. எது எடை கம்மியோ அதை வாங்கிட்டா போதுமா? எந்தத் தோட்டா நல்லது?

கும்பகோணம்:
தம்பி, ரிவால்வருக்கு அப்புறம் வருவோம். எச்-1பின்னு எழுதியிருக்கீங்களே, விஷயம் அங்கேயே நிக்குது.

அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4, பி-2 மாதிரி தற்காலிக விசாவுல உள்ளே வந்தவங்க துப்பாக்கி வெச்சிருக்கவே கூடாது. ஒரே ஒரு தோட்டாவா இருந்தாலும் அதே கதைதான். டெக்சாஸ்ல 2021 செப்டம்பர்லேருந்து லைசென்ஸ் இல்லாமலே இடுப்புல வெச்சுக்கலாம்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க. அது மாநிலச் சட்டம். துப்பாக்கி வெச்சிருக்கவே தகுதி இல்லாத ஆளுக்கு அது உதவாது. கூட வேலை பார்க்கிறவங்க சனிக்கிழமை ரேஞ்சுக்கு, அதான் சுட்டுப் பழகுற இடத்துக்குக் கூப்பிட்டு, வாடகைத் துப்பாக்கியில நாலு ரவுண்டு சுடச் சொல்றது இருக்கே, அதுவும் சட்டத்தோட கண்ணுல "கையில வெச்சிருந்தது"தான். நம்ம பசங்க அதை போட்டோ எடுத்து வேற போடுறாங்க.

விதிவிலக்கு ஒன்னு உண்டு. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை லைசென்ஸ் இருந்தா அந்தத் தடை பொருந்தாது. கடையில நிரப்புற 4473 படிவத்துல அதைக் காட்டணும். ஆனா அந்த லைசென்ஸ் முடிஞ்ச மறுநாளே, பெட்டியில சும்மா கிடக்கிற துப்பாக்கியும் குற்றமாயிடும். டெக்சாஸ் வேட்டை லைசென்ஸ் வருஷா வருஷம் புதுப்பிக்கிறது. மறந்தா போச்சு. துப்பாக்கிக் குற்றத்துல தண்டனை ஆனா அதுவே நாடு கடத்தக் காரணம், அபராதத்தோட போயிடும்னு நினைக்காதீங்க. உங்களுக்கு மனைவி சிட்டிசன். எச்-1பிக்காரங்க நிக்கிற நீள வரிசையில நீங்க நிக்கவே வேண்டியதில்லை. முதல்ல கிரீன் கார்டு, அப்புறம் கடை. கிரீன் கார்டு இருந்தா 21 வயசு முடிஞ்சவங்க குடியிருக்கிற மாநிலத்துல, லைசென்ஸ் உள்ள கடையில, நேர் வழியில வாங்கலாம்.

நாகப்பட்டினம்:
அண்ணா, கும்பகோணத்து அண்ணன் சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. "சரி, மனைவி பேர்ல வாங்கிக்கிறோம்"னு அடுத்த யோசனை வரும். உங்களுக்காக உங்க காசுல அவங்க வாங்கினா அது பினாமி வாங்கல். 2022-ல வந்த சட்டப்படி அதுக்கு 15 வருஷம் வரைக்கும் சிறை. அவங்க தனக்குன்னு வாங்கி வெச்சுக்கிறது அவங்க உரிமை. அப்பவும் துப்பாக்கி வெச்சுப் பூட்டுற பெட்டியோட நம்பர் உங்களுக்குத் தெரிஞ்சா, சாவி உங்க கைக்கு எட்டினா, துப்பாக்கி உங்க வசம் இருக்குன்னு வாதாட இடம் இருக்கு. அதனால அவங்க விரல் ரேகைக்கு மட்டும் திறக்கிற பெட்டி, மாத்துச் சாவி அவங்ககிட்ட.

ஊர்லேருந்து அம்மா வந்து ஆறு மாசம் தங்குற வீட்டுக்கும் இதே கணக்கு. பி-2 விசா. அதைவிட, நம்ம அம்மாக்கள் பீரோ அடுக்காம இருக்க மாட்டாங்க. புடவைக்கு அடியில வெச்சா ரெண்டாவது நாளே கையில எடுத்துடுவாங்க. குழந்தை இருக்கிற வீட்டுல ரிவால்வருக்கு இன்னொரு பாதுகாப்பு ரொம்ப எளிசு: தோட்டா போடுற சுத்து உருளையான சிலிண்டரைத் திறந்து, கேபிள் பூட்டை ஃப்ரேமோட மேல் பட்டைக்குக் கீழே நுழைச்சுப் பூட்டிட்டா சிலிண்டர் மூடவே மூடாது. பெட்டிக்கு மாற்றா நினைக்காம பெட்டியோட சேர்த்துச் செய்யுங்க.

தஞ்சாவூர்:
சட்டம் முடிஞ்சது, சாமானுக்கு வரேன். கிரீன் கார்டு வந்தப்புறம் படிங்க, இல்ல இப்பவே படிச்சு வெச்சுக்கோங்க.

எடை கம்மியா இருந்தா நல்லதுங்கிறதுதான் எல்லாரும் பண்ற முதல் தப்பு. சின்ன ரிவால்வர்ல அதிகம் விக்கிறது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642. அஞ்சு தோட்டா கொள்ளும், தோட்டா வகை .38 ஸ்பெஷல், ரெண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான குழல், எடை 400 கிராம் சுமார். அதோட ட்ரிக்கரை இழுக்க 12 பவுண்டு கிட்ட வேணும், அதாவது அஞ்சரை கிலோ. அஞ்சு லிட்டர் தண்ணி உள்ள வாளியை ஆள்காட்டி விரல்ல தூக்குற பாரம், 400 கிராம் சாமான் மேல விழுது. துப்பாக்கி அசையாம என்ன செய்யும்? அதனாலதான் புதுசா சுடுறவங்க குண்டு ஏழு கஜத்துல கீழேயும் பக்கத்துலேயும் போகுது. குறை துப்பாக்கியில இல்ல, எடைக்கும் இழுப்புக்கும் உள்ள விகிதத்துல. ரூகர் எல்சிஆர் இன்னும் லேசு, .38-ல 380 கிராம் சொச்சம். ஆனா அதோட ட்ரிக்கர் உள்ளமைப்பு உராய்வைக் குறைக்கிற மாதிரி செஞ்சது, இழுப்பு வழுவழுன்னு வரும். கடையில ரெண்டையும் காலியா வெச்சு பத்துத் தடவை இழுத்துப் பார்த்தா கையே சொல்லிடும்.

340 கிராம் கிட்ட, ஸ்கேண்டியம்ங்கிற உலோகம் கலந்த லேசான உடம்புல, .38-ஐவிட பலமான .357 மேக்னம் தோட்டா போடுற ரிவால்வரும் வருது. பாக்கெட்டுல இருக்கிறதே தெரியாது. சுட்டா தெரியும். அஞ்சு தோட்டாவுக்கு மேல யாரும் பயிற்சி பண்ண மாட்டாங்க, பயிற்சி பண்ணாத துப்பாக்கியை இடுப்புல சுமந்து என்ன பிரயோஜனம்? கடைக்காரர் "சின்னக் கைக்கு ஏத்தது"ன்னு அதைத்தான் நீட்டுவார். சின்னக் கைக்குத்தான் அது அதிகம் வலிக்கும்.

என் கணக்கு இது. பேண்ட் பாக்கெட்டுலதான் வைக்கணும்னா 642 அல்லது எல்சிஆர் .38. பெல்ட்ல வைக்க முடியும்னா இரும்பு உடம்பு: ரூகர் எஸ்பி101 முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, கிம்பர் கே6எஸ் 650 கிராம் சுமார், ஆறு தோட்டா. அவை .357-க்குச் செஞ்சவை. அதுல .38 போட்டா உதை, அதான் சுடும்போது கையைப் பின்னாடி தள்ளுற வேகம், தணிஞ்சு வரும். கை பலம் கம்மியா இருந்தா .32 எச் அண்ட் ஆர் மேக்னம் பாருங்க. 642 அளவு உடம்புல ஆறு தோட்டா கொள்ளும், உதையும் குறைவு. என்ன, எல்லாக் கடையிலேயும் தோட்டா கிடைக்காது. .22 வேண்டாம். விளிம்புல அடிச்சு வெடிக்கிற தோட்டா, வெடிக்காம போறது அதிகம்.

தோட்டாவை அடிச்சு வெடிக்க வைக்கிற ஹாமர் வெளியில கொக்கி மாதிரி நீட்டிக்கிட்டு இருந்தா சட்டையில மாட்டும். உள்ளேயே மூடின மாதிரி வாங்குங்க. 642, சாதாரண எல்சிஆர் ரெண்டும் அப்படித்தான். ஹூஸ்டன் புழுக்கம் நம்ம நாகை வேதாரண்யம் பக்கத்துக்கு இளைச்சது இல்ல. 642-க்கு இரட்டைப் பிறவியா கறுப்பு நிறத்துல 442 வரும், அதுல சிலிண்டர் சாதா எஃகு, வியர்வை பட்டா துருப் பொட்டு வைக்கும். 642-ல சிலிண்டர் ஸ்டெயின்லெஸ். ஆனா உடம்பு மேல பூசின நிறமில்லாத பூச்சு காலப்போக்குல உரியும். அழகுதான் போகும், வேலை கெடாது. ராத்திரி எண்ணெய்த் துணியால ஒரு துடை, போதும். குறி பார்க்கிற முன் சைட் வெள்ளியா மின்னிக் கண்ணுக்கு அகப்படாது. அதுல ஆரஞ்சு நெயில் பாலிஷ் ரெண்டு பூச்சு பூசுங்க, மூணு டாலர் வேலை.

மன்னார்குடி:
ரொம்ப நன்றி அண்ணே. கிரீன் கார்டுக்கே முதல்ல போடுறேன். தோட்டா பத்திச் சொல்லலையே? பழசா வாங்கினா என்ன பார்க்கணும்?

தஞ்சாவூர்:
சின்னக் குழல்ல வேகம் ஏறாது. அதனால விரியற குண்டு பல சமயம் விரியாமலே போகும். அதுக்குன்னே குட்டைக் குழலுக்குச் செஞ்சவை உண்டு: ஸ்பியர் கோல்டு டாட் 135 கிரெயின் (குண்டோட எடை அளவு) +பி (சாதாவைவிட அழுத்தம் கூடின தோட்டா), ஃபெடரல் எச்எஸ்டி 130 கிரெயின். உதை தாங்கலைன்னா 148 கிரெயின் வாட்கட்டர், மொட்டை மூக்குக் குண்டு. விரியாது, ஆனா விளிம்பு கூரா வெட்டும், கையை உதைக்காது. வாங்கின தோட்டா எதுவா இருந்தாலும் அந்தத் துப்பாக்கியிலேயே 50 சுட்டுப் பார்த்துட்டுத்தான் இடுப்புக்கு.

லேசான துப்பாக்கியில ஒரு விசேஷ வியாதி. உதையில துப்பாக்கி பின்னாடி பாயும்போது, இன்னும் வெடிக்காத தோட்டாவோட குண்டு பித்தளைக் கூட்டை விட்டு முன்னாடி நகரும். சிலிண்டர் முகத்தை விட்டு அது வெளியே நீட்டினா, ஃப்ரேம்ல இடிச்சு சிலிண்டர் சுத்தாம நிக்கும். அந்த நேரத்துல ஒன்னும் பண்ண முடியாது. சோதிக்கிறது சுலபம்: அஞ்சுல நாலைச் சுட்டு, அஞ்சாவதை எடுத்துப் புதுத் தோட்டாவோட பக்கத்துல நிறுத்துங்க. நீளம் கூடியிருந்தா அந்தப் பிராண்ட் உங்க துப்பாக்கிக்கு ஆகாது. அந்த 340 கிராம் மாடலோட குழல்லேயே 120 கிரெயினுக்குக் குறைஞ்ச குண்டு போடாதேன்னு பொறிச்சிருக்கும். அதுக்குக் காரணம் வேற: லேசான குண்டு போட்டா டைட்டேனியம் சிலிண்டர் சீக்கிரம் அரிச்சுடும்.

பழசு வாங்குறதுன்னா கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு, சிலிண்டரைத் திறந்து அஞ்சு அறையும் காலின்னு கண்ணாலேயும் விரலாலேயும் பாருங்க. மூடி, சிலிண்டர் மேல விரலை லேசா அழுத்தி வெச்சு ட்ரிக்கரை மெதுவா இழுங்க. ஹாமர் விழறதுக்கு முன்னாடியே சிலிண்டர் பூட்டுற சத்தம் 'டிக்'குன்னு கேக்கணும். அறை ஒவ்வொன்னுக்கும் தனியா செய்யணும், ஒன்னு மட்டும் தேஞ்சிருக்கும். சிலிண்டரை முன்னும் பின்னும் ஆட்டினா கிட்டத்தட்ட அசையக் கூடாது. குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இடைவெளி 0.004 லேருந்து 0.008 அங்குலம், இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் நுழைச்சுப் பாருங்க. கூடினா சுடும்போது பக்கவாட்டுல ஈயத்தூள் தெறிக்கும். அந்த இடைவெளியில சூடான வாயு கத்தி மாதிரி வெளியேறும். பிஸ்டல் பிடிக்கிற மாதிரி இடது கட்டை விரலை முன்னாடி நீட்டினா விரல் போச்சு. பிஸ்டல்ல பழகினவங்க பண்ற தப்பு இது.

சிக்கல் கம்மின்னு கேட்டீங்க. கம்மிதான், இல்லாம இல்ல. காலிக் கூட்டை வெளியேத்துறப்போ குழல் வாய் வானத்தைப் பார்க்கணும். கூட்டை வெளியே தள்ளுற எஜெக்டர் கம்பியை உள்ளங்கையால ஒரே அடி. மெதுவா தள்ளினா, சின்ன மாடல்ல கம்பி குட்டைங்கிறதால கூடு பாதியில நின்னு, நட்சத்திர வடிவ எஜெக்டருக்கு அடியில போய் மாட்டும். அதை எடுக்க ஸ்க்ரூ டிரைவர் தேடணும். குழல் தரையைப் பார்த்தா வெந்தும் வேகாத பவுடர் துகள் அதே நட்சத்திரத்துக்கு அடியில விழும். நாலே துகள் போதும், சிலிண்டர் மூடாது, இல்ல மூடி இறுகும். பழைய பல் பிரஷ் ஒன்னு சுத்தம் பண்ற பையில கிடக்கட்டும். எஜெக்டர் கம்பி தானா கழன்று இறுகுறதும் உண்டு. ஸ்மித்ல அது இடது மரை, வழக்கமான பக்கம் திருகினா இன்னும் கழலும்.

பயிற்சிக்கு அளவு: அஞ்சு கஜம், அஞ்சு அங்குல வட்டம், அஞ்சு வினாடிக்குள்ள அஞ்சும் உள்ளே. அது வர வரைக்கும் வீட்டுல போலித் தோட்டா போட்டு, உண்மைத் தோட்டா வேற அறையில, தினம் இருபது இழுப்பு.

கும்பகோணம்:
லைசென்ஸ் கட்டாயம் இல்லைன்னாலும் டெக்சாஸ் கைத்துப்பாக்கி லைசென்ஸ் எடுத்துக்கோங்க தம்பி, கட்டணம் 40 டாலர். 3, 7, 15 கஜத்துல 50 தோட்டா சுட்டு 250-க்கு 175 எடுக்கணும். அது இருந்தாதான் பள்ளிக்கூடத்துக்கு ஆயிரம் அடிக்குள்ள போற கூட்டரசுத் தடையிலேருந்து அந்த மாநிலத்துக்குள்ள விலக்கு. பிள்ளையை ஸ்கூல்ல விடற வழியை யோசிச்சுப் பாருங்க. வாசல்ல 30.06 பலகை (மறைச்சு வெச்ச கைத்துப்பாக்கி கூடாதுங்கிற அறிவிப்பு) இருந்தா உள்ளே கொண்டு போகக் கூடாது, பார்ல சிவப்பா 51 சதவீதம்னு, அதாவது வருமானத்துல பாதிக்கு மேல மது விற்பனைன்னு பலகை இருந்தாலும் அப்படித்தான். நியூ ஜெர்சி எடிசன்ல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா வீட்டுலேயே வெச்சுட்டுப் போங்க. அந்த மாநிலம் வேற எந்த மாநில லைசென்ஸையும் ஏத்துக்காது.

பாக்கெட்டுல வெச்சா துப்பாக்கி உறையான பாக்கெட் ஹோல்ஸ்டர் இல்லாம வைக்காதீங்க, சாவி சில்லறை எதுவும் கூட வேண்டாம். சாவி ட்ரிக்கருக்குள்ள நுழையும். கோயிலுக்கு வேட்டி கட்டிட்டுப் போற அன்னைக்கு வீட்டுப் பெட்டிதான் இடம். எட்டு முழத்துக்கு மேல பெல்ட் இறுக்கினாலும் ஹோல்ஸ்டர் நிக்காது, சாஷ்டாங்கமா விழுந்தா பிராகாரத்துல உருளும்.

நாகப்பட்டினம்:
கடைசியா ஒன்னு, டெல்டாக்காரங்களுக்குன்னே. நம்ம ஆளுங்க பாதிப்பேர் சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் வழியா திருச்சியில இறங்குறவங்க. ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போன முதுகுப் பையையே ஊர்ப் பயணத்துக்கும் எடுப்பாங்க. உள் ஜிப்ல ஒரு .38 தோட்டா கிடக்கும். சிங்கப்பூர் சட்டத்துல ஆயுதக் குற்றத்துக்குப் பிரம்படி வரைக்கும் இருக்கு. இந்தியாவுல 1959 ஆயுதச் சட்டம் 25-ஆம் பிரிவுல வழக்கு. தெரியாம கிடந்துதுன்னு உயர் நீதிமன்றம் வரை போய் ரத்து பண்ணவங்க உண்டு, அதுக்குள்ள லீவும் முடியும், விசா ஸ்டாம்பிங்கும் தள்ளிப்போகும்.

ரேஞ்சுக்குன்னு தனியா, வேற நிறத்துல ஒரு பை. அதுல வேற எதையும் போடாதீங்க. பயணப் பையை வெயில்ல கவுத்து, ஒவ்வொரு ஜிப்பையும் வெளிப்பக்கமா திருப்பி, அடி அட்டையைத் தூக்கி, தையல் ஓரத்துல விரலை விட்டுத் தடவிட்டுத்தான் துணி அடுக்கணும். காலிக் கூடு கிடந்தாலும் எடுத்துப் போட்டுடுங்க.